ஈஸ்டர் திங்கள் காலையை மண்டபத்தில் அடைக்காதீர்கள்: எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செயற்குழு அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். சித்திரை விழா பற்றிய உங்கள் வாட்ஸப் அறிவிப்பு வந்து சேர்ந்தது. ஈஸ்டர் திங்கள், காலை 10 மணி முதல் மாலை 5 வரை, வழக்கமான அதே மண்டபம், மதியம் பிரியாணி, பிள்ளைகளுக்கு 11 மணிக்கு 'ஈஸ்டர் முட்டை வேட்டை'. குழுவிலேயே பதில் போட்டிருக்கலாம். ஆனால் அங்கே நான் நாலு வரி எழுதி முடிப்பதற்குள் யாராவது ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் ஒன்றை அனுப்பி அதை மேலே தள்ளிவிடுவார்கள், அப்புறம் யார் தேடிப் படிக்கப் போகிறார்கள்? அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். கோபம் எதுவும் இல்லை. கொஞ்சம் ஆதங்கம், அவ்வளவுதான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. விழாவை மதியம் 3 மணிக்குத் தொடங்குங்கள். காலையைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள்.

ஏனென்றால் வருடத்தில் அந்த ஒரே ஒரு காலையில்தான் வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயரில் நாம் குடியிருக்கும் இந்தப் பிரெஸ்டன் நகரம் கையில் முட்டையோடு அவென்ஹாம் பூங்காவுக்குப் போகிறது. கிண்ணத்தின் உட்பக்கம் போல வளைந்து இறங்கும் புல்சரிவு, அடியில் ரிபிள் ஆறு. மேலே நின்றுகொண்டு வேகவைத்த முட்டையைக் கீழே உருட்டிவிடுவார்கள். யாருடைய முட்டை உடையாமல் அதிக தூரம் போகிறதோ அவர்கள் ஜெயித்தார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. நடுவர் கிடையாது, பரிசு கிடையாது, மைக் கிடையாது. (மைக் இல்லாத ஒரு விழாவை நம்மால் கற்பனை செய்ய முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முயன்று பார்ப்போம்.)

போன வருடம் நாம் என்ன செய்தோம்? நாற்காலிகளுக்கு அடியிலும் திரைச்சீலைக்குப் பின்னாலும் பிளாஸ்டிக் முட்டைகளை ஒளித்து வைத்தோம், உள்ளே ஆளுக்கொரு டாஃபி. பெரிய பையன்கள் நாலே நிமிடத்தில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சின்னப் பிள்ளைகள் அழுதன. அதைச் சமாதானப்படுத்த அரை மணி நேரம், அப்புறம் வரவேற்புரை, அப்புறம் இன்னொரு வரவேற்புரை. என் மகள் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பிரெஸ்டனில், ஏப்ரல் மாதத்தில், விடுமுறை நாளில் வெயில்! நாம் அன்று ட்யூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம்.

நான் இந்த ஊருக்கு வந்தது 2011 கடைசியில். அடுத்த ஈஸ்டர் 2012 ஏப்ரலில் வந்தது. இருபது வருடங்களுக்கு ஒரு முறை வரும் 'பிரெஸ்டன் கில்ட்' என்ற ஊர்த் திருவிழா நடந்த வருடம் அது, அதனால் ஊரே ஒரு தினுசான உற்சாகத்தில் இருந்தது. எங்களுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. ஈஸ்டர் ஞாயிறு அன்று பெரிய கடைகளைச் சட்டப்படி திறக்கக்கூடாது என்றுகூடத் தெரியாமல் பால் வாங்கப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பக்கத்து வீட்டில் எழுபது தாண்டிய ஓர் அம்மா தனியாக இருந்தார். அவருடைய அம்மா பஞ்சாலையில் நெசவு பார்த்தவராம். அவர்தான் அரை லிட்டர் பால் கொடுத்தார், கொடுத்துவிட்டு, "நாளைக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்கு வாருங்கள், முட்டை எடுத்து வாருங்கள்" என்றார்.

எடுத்துப் போனோம். அரை டஜன், கடையில் வாங்கிய பெட்டியோடு, பச்சை முட்டை!

வேகவைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, அது சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. தேங்காய் உடைக்க வா என்று கூப்பிட்டால் மட்டை உரித்துக்கொண்டு வா என்று நாம் சொல்வோமா? என் மகனுக்கு அப்போது நாலு வயது. முதல் முட்டையைக் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சரிவில் ஓடினான், குப்புற விழுந்தான். மஞ்சள் கரு கோட்டின் உள்துணி வரை இறங்கிவிட்டது. இரண்டாவது முட்டையை நான் உருட்டினேன், மூன்று அடி போய்ப் புல்லில் வழிந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், கேலிச் சிரிப்பு இல்லை. யாரோ ஒருவர் தன் பையிலிருந்து பொன்னும் பழுப்பும் கலந்த, சலவைக்கல் போலக் கோடு ஓடிய ஒரு முட்டையை எடுத்து என் மகன் கையில் வைத்தார். அது உருண்டது. ஆற்றுப்பக்கம் பாதி தூரம் வரைக்கும் போனது. ஆறு மாதமாக யாரோடும் பேசாமல் இருந்த என் மனைவி அன்று நாலு பேரோடு பேசினாள். இந்த ஊருக்கு நாங்கள் உண்மையிலேயே வந்து சேர்ந்த நாள் எது என்று கேட்டால் விமானம் இறங்கிய நாளைச் சொல்ல மாட்டேன், அந்தத் திங்களைத்தான் சொல்வேன்.

அந்தச் சலவைக்கல் நிறம் எப்படி வந்தது என்று கேட்டீர்களென்றால், அங்கேதான் நமக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. வெங்காயத் தோல்! முட்டையைச் சுற்றி வெங்காயச் சருகை ஒட்டி, துணியால் இறுக்கிக் கட்டி, நூல் சுற்றி வேகவைப்பார்கள். தோலில் உள்ள சாயம் ஓட்டில் இறங்கிவிடும். இதற்காகவே இங்குள்ள பாட்டிமார் வாரக்கணக்கில் வெங்காயத் தோலைச் சேர்த்து வைப்பார்களாம். நம் வீடுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்கு உரிக்கும் சின்ன வெங்காயத்தின் தோலே ஒரு டஜன் முட்டைக்குப் போதும். இந்த விளையாட்டுக்கு இவ்வளவு கச்சாப்பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் முட்டை வாங்கிய ஒரே கூட்டம் நாமாகத்தான் இருப்போம்.

இரண்டு மூன்று வருடங்களில் நாங்கள் தேர்ந்துவிட்டோம். ஓட்டில் முதலில் ஒரு கொத்து இலையை ஈரத்தோடு ஒட்ட வேண்டும். இங்கே பார்ஸ்லியோ சிறு பூவோ வைப்பார்கள், நாங்கள் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் வைக்கிறோம். அதன் மேல் வெங்காயத் தோல், அதன் மேல் பழைய வேட்டித் துணி. பதினைந்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும், ஆறிய பிறகுதான் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் கையும் சுடும், அச்சும் கலையும். இலை இருந்த இடம் மட்டும் வெளிர்ந்து, சுற்றிலும் செம்பழுப்பு. கடைசியில் இவர்கள் கொஞ்சம் வெண்ணெய் தேய்த்து மெருகேற்றுவார்கள். நல்லெண்ணெய் இன்னும் நன்றாக இருக்கிறது, ஆனால் உருட்டும்போது கையில் வழுக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஓட்டு முட்டை கிடைத்தால் அச்சு துல்லியமாக விழும். இங்கே கடையில் பெரும்பாலும் பழுப்பு ஓடுதான், அதில் நிறம் ஆழமாக வரும், கோலம் கொஞ்சம் மங்கும்.

உருட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முட்டை பந்து இல்லை, ஒரு பக்கம் கூர். அதனால் நேராகப் போகாது, கூர்முனைப் பக்கமாக வளைந்துகொண்டே வரும். சரிவுக்குக் குறுக்கே படுக்கவைத்துத் தள்ளிவிட வேண்டும், எறியக்கூடாது. எவ்வளவு வளையும் என்று கணக்குப் போட்டுக் கொஞ்சம் தள்ளிக் குறி வைக்கத் தெரிந்த பிள்ளை ஜெயிக்கும். கோலிக்குண்டு ஆடிய கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் தலைவர் அண்ணா கோலியில் ஊரையே ஜெயித்ததாக ஒவ்வொரு விழாவிலும் சொல்கிறார், ஒரு முறை சரிவில் நிற்க வைத்துப் பார்த்துவிடலாம் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

சரி, எதிர்ப்புகளுக்கு வருகிறேன். செயற்குழுவில் சிலரிடம் தனியாகப் பேசிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், என்னென்ன சொல்வீர்கள் என்று தெரியும்.

முதலாவது, "இது கிறிஸ்தவர்கள் பண்டிகை, நாம் பொதுச் சங்கம்." அண்ணா, நீங்களேதான் அந்த நாளில் முட்டை வேட்டை வைக்கிறீர்கள். அதுமட்டுமில்லை, இந்த ஊர்க்காரர்கள் இந்த முட்டையை 'பேஸ் எக்' என்பார்கள். அந்த 'பேஸ்' வேகத்தைக் குறிக்கும் சொல் என்றுதான் நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், ஓடுகிற முட்டைதானே. இல்லை. லத்தீனில் ஈஸ்டருக்குப் 'பாஸ்கா' என்று பெயர், அது எபிரேயரின் 'பெசாக்' என்ற பண்டிகைப் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பாஸ்கா வடக்கு இங்கிலாந்து வாயில் தேய்ந்து பேஸ் ஆகிவிட்டது. அதே பாஸ்காதான் நம் ஊர் மாதா கோவில்களில் தவக்காலத்தில் விடிய விடிய நடக்கும் பாஸ்கா நாடகத்திலும் இருக்கிறது. இங்கேயும் 'பேஸ் எக் நாடகம்' என்று ஒன்று உண்டு, தெருவில் கத்திச் சண்டை போட்டு, செத்தவனை வைத்தியர் வந்து எழுப்பி, ஒரே அமர்க்களமாக இருக்கும். யார்க்‌ஷயர் பக்கம் கால்டர் பள்ளத்தாக்கில் இன்றும் பெரிய வெள்ளிக்கிழமை அன்று ஆடுகிறார்கள். நம் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னேன், "அட, நாங்களும் பாஸ்கு எண்டுதானே சொல்றனாங்கள்" என்று அவர் கண் விரிந்தது. ஒரே சொல் லங்காஷயரில் முட்டையாகவும் நம்மிடம் கூத்தாகவும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

முட்டை ஏன் என்பதும் மதத்தைவிட அதிகம் சமையலறைக் கதைதான். பழைய காலத்தில் தவக்காலம் நாற்பது நாளும் இறைச்சியோடு முட்டையையும் விலக்கினார்கள். கோழிக்குத் தவக்காலம் தெரியுமா? அது பாட்டுக்கு முட்டை போட்டுக்கொண்டே இருக்கும், அதுவும் வசந்த காலத்தில் கூடுதலாகவே போடும். ஈஸ்டர் வந்ததும் வீடு நிறைய முட்டை. வேகவைத்தார்கள், சாயம் போட்டார்கள், பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 1290-இல் முதலாம் எட்வர்ட் மன்னரின் அரண்மனைக் கணக்கில் 450 முட்டைக்குப் பதினெட்டுப் பென்னி செலவு எழுதியிருக்கிறது, பொன் தாள் ஒட்டியும் சாயம் போட்டும் ஈஸ்டருக்குக் கொடுக்க. ஏசுவின் கல்லறை வாயிலில் இருந்த கல் உருண்டதைத்தான் இந்த உருட்டல் குறிக்கிறது என்பார்கள் பக்திமான்கள். இருக்கட்டும். சரிவில் நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு உருண்டையாக எது கிடைத்தாலும் உருட்டத் தோன்றும் என்பதும் ஒரு காரணம்தான். போன வருடத்துக்கு முந்தின வருடம் எங்களுக்குப் பக்கத்தில் நின்று உருட்டியது ஒரு குஜராத்தி முஸ்லிம் குடும்பம். மூன்று தலைமுறை பிரெஸ்டன்காரர்கள். அவர்களிடம் போய் இது யார் பண்டிகை என்று கேட்டால் "பூங்காவின் பண்டிகை" என்பார்கள்.

இரண்டாவது, சைவக் குடும்பங்கள். நியாயமான கேள்வி, இதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் இதற்கு விடை இந்தச் சரிவிலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கே முட்டையோடு ஆரஞ்சுப் பழத்தையும் உருட்டியிருக்கிறார்கள். தெற்கே டன்ஸ்டபிள் குன்றில் பெரிய வெள்ளிக்கிழமை அன்று ஆரஞ்சு மட்டுமே உருட்டும் வழக்கம் இருந்தது, மேலிருந்து உருட்டுவார்கள், கீழே பிள்ளைகள் விழுந்தடித்துப் பிடிப்பார்கள். முட்டை தொடாதவர்கள் ஆரஞ்சு எடுத்து வரட்டும். அது நேராகவும் ஓடும், உடையாது, கடைசியில் ஜெயிப்பதும் அதுவாகத்தான் இருக்கும், அதில் கொஞ்சம் பொறாமை வரும்.

மூன்றாவது, "முட்டையை வீணடிப்பதா?" வீணாக்குவதில்லை. உருட்டி முடித்ததும் அங்கேயே புல்லில் உட்கார்ந்து உரித்து உப்பு மிளகு தொட்டுச் சாப்பிடுவோம். விரிசல் விட்டு மண் ஒட்டினதை நாய்க்குப் போட்டுவிடலாம், நாய்களுக்கும் அன்று பண்டிகைதான், உருளும் முட்டையைத் துரத்திப் பிடித்து வாயில் கவ்விக்கொண்டு ஓடும், சொந்தக்காரர் பின்னாலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடுவார். உண்மையில் வீணாவது சாக்லேட் முட்டையின் தாளும் அட்டைப் பெட்டியும்தான். இப்போது நிறையப் பேர் சாக்லேட் முட்டையை உருட்டுகிறார்கள், எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. அது உருளுவதும் சரியில்லை, கீழே போய்ச் சேரும்போது தூளாகிவிடும்.

ஓடுகள் பற்றி ஒரு விஷயம். அதை அப்படியே போடக்கூடாது, நொறுக்கிவிட வேண்டும் என்று லங்காஷயரில் பழைய நம்பிக்கை. முழு ஓடாகக் கிடந்தால் சூனியக்காரிகள் அதைப் படகாக்கிக்கொள்வார்களாம். பெண்டில் மலைப் பக்கத்துப் பெண்களைச் சூனியக்காரிகள் என்று 1612-இல் விசாரித்துத் தூக்கில் போட்ட மாவட்டம் இது, சும்மா சொல்லியிருக்க மாட்டார்கள். இதைக் கேட்டபோது எனக்கு என் ஆச்சிதான் ஞாபகம் வந்தாள். முச்சந்தியில் முட்டை கிடந்தால் தாண்டாதே, சுற்றிக்கொண்டு போ என்பாள். பக்கத்து வீட்டு அம்மாவையும் ஆச்சியையும் ஒரு திண்ணையில் உட்கார வைத்திருந்தால் மொழி தெரியாமலேயே இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப் போயிருப்பார்கள்.

நான்காவது, மழை. ஆமாம், பெய்யும். குடை பிடித்துக்கொண்டும் உருட்டியிருக்கிறோம், ஈரப் புல்லில் முட்டை இன்னும் வேகமாகப் போகும். ஆனாலும் கொட்டித் தீர்த்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கு லித்துவேனியாக்காரர்களிடம் வழி இருக்கிறது. அவர்கள் ஊரில் மரத்தாலோ மரப்பட்டையாலோ ஒரு சரிவுத் தொட்டி செய்து அதன் வழியே முட்டையை விடுவார்கள். கீழே ஏற்கெனவே கிடக்கும் முட்டையை உன் முட்டை தட்டினால் அது உனக்கு. சங்கத்தில் அட்டைப் பெட்டிக்கா பஞ்சம், பிரியாணி வந்த பெட்டிகளையே வெட்டி ஒட்டினால் போதும், அதைச் சாயங்காலம் மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவதாகச் சொன்னது பொருளாளர் அண்ணா. மண்டபத்துக்கு முழு நாள் வாடகை கட்டியாகிவிட்டது என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த முறை அரை நாளுக்குக் கட்டுங்கள், மிச்சமாகும்.

இன்னொரு அக்கா சொன்னது மட்டும் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. "சித்திரை நம்ம பண்டிகை, அதை விட்டுவிட்டு வெள்ளைக்காரன் பண்டிகைக்குப் போவதா?" அக்கா, விடச் சொல்லவில்லை. சித்திரை ஒன்று எப்போதும் ஏப்ரல் 14-ஐ ஒட்டித்தான் வரும். ஈஸ்டர் அப்படியில்லை, வசந்தகாலப் பௌர்ணமியைக் கணக்கில் வைத்து மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே அலையும். 2024-இல் ஈஸ்டர் திங்கள் ஏப்ரல் 1, 2025-இல் ஏப்ரல் 21. விடுமுறை வசதிக்காக நாம்தான் சித்திரையைக் கொண்டுபோய் ஈஸ்டர் திங்களில் உட்கார வைத்தோம். அவர்கள் நாளைக் கடன் வாங்கியது நாம். வாங்கிய நாளில் காலையை மட்டும் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறேன்.

அப்புறம், அது முழுக்க அவர்கள் விளையாட்டும் இல்லை. யாழ்ப்பாணத்துப் பக்கம் சித்திரைப் புத்தாண்டுக்குப் போர்த்தேங்காய் அடிப்பார்களே, ஒருவர் தேங்காயைக் கீழே வைக்க இன்னொருவர் தன் தேங்காயால் ஓங்கி அடித்து, எது உடைகிறதோ அது தோற்றது. நம் சங்கத்தில் பாதிப் பேருக்கு அந்தச் சத்தம் காதில் இருக்கும். அதையே முட்டையில் இங்கிலாந்தின் வடகிழக்கில் ஆடுகிறார்கள், 'ஜார்ப்பிங்' என்று பெயர். முட்டையின் முனையோடு முனை மோத வேண்டும், உடையாத முட்டை அடுத்தவனோடு மோதப் போகும். டரம் பக்கம் பீட்டர்லீ என்ற ஊரில் இதற்கு உலகக் கோப்பைப் போட்டியே நடத்துகிறார்கள், 1983-இலிருந்து. ஒரு கையில் போர்த்தேங்காயும் ஒரு கையில் முட்டையும் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் அந்த நாளைக் கொண்டாடினால் அது யார் பண்டிகை என்று பிரிக்க யாராலும் முடியாது. போர்த்தேங்காயைச் சாயங்கால நிகழ்ச்சியில் சேர்க்கச் சொல்லி மூன்று வருடமாகக் கேட்கிறேன், தரை விரிப்பு கெட்டுவிடும் என்கிறீர்கள். பூங்காவில் தரை விரிப்பு கிடையாது.

எனக்கு இந்தச் சரிவோடு இன்னொரு கணக்கும் உண்டு. 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் லங்காஷயருக்கு வரும் பஞ்சு நின்றுபோனது. ஆலைகள் மூடின, குடும்பம் குடும்பமாகப் பட்டினி கிடந்தார்கள். அப்படி வேலை இழந்த தொழிலாளர்களை வைத்துத்தான் எட்வர்ட் மில்னர் என்பவரின் வடிவமைப்பில் இந்தப் பூங்காவை உருவாக்கினார்கள். 1867-இலிருந்து இங்கே முட்டை உருட்டுவதாக ஊரில் சொல்கிறார்கள், அதாவது பஞ்சம் முடிந்த கையோடு. அந்த வருடங்களில் ஆலைக்காரர்கள் இந்தியப் பஞ்சைத் தேடி ஓடினார்கள். சந்தையில் நம் திருநெல்வேலிச் சீமைப் பஞ்சுக்கு 'டின்னவெல்லி' என்றே தனிப்பெயர் இருந்தது. நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டுக்காரன். எங்கள் ஊர்ப் பருத்தி இந்தச் சரிவைத் தோண்டியவர்களின் ஊருக்கு வந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். ஆனால் அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும். வேலையில்லாதவன் கையால் வெட்டிப் போட்ட சரிவில் அடுத்த தலைமுறை முட்டை உருட்டியது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பெரியவர்கள் நினைத்தால் இது எப்படிக் கெட்டுப்போகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் நிற்பது ஒரு குன்றின் மேல். ஈஸ்டர் திங்கள் அன்று ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அந்தச் சரிவில் முட்டை உருட்டுவார்கள், கூடவே தாங்களும் உருளுவார்கள். புல் கெட்டுப்போகிறது என்று 1876-இல் நாடாளுமன்றம் அதைத் தடுக்கச் சட்டமே போட்டது. அடுத்த வருடம் மழை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. 1878-இல் முட்டையோடு வந்த பிள்ளைகளைக் காவலர்கள் திருப்பி அனுப்ப, அவர்கள் வெள்ளை மாளிகைப் பக்கம் போனார்கள், அதிபர் ஹேஸ் கதவைத் திறந்துவிடச் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு அங்கே போய்ப் பாருங்கள், நுழையக் குலுக்கல் சீட்டு, புல்வெளியில் கோடு போட்ட பாதை, பிள்ளைகள் நீளக் கரண்டியால் முட்டையைத் தள்ளுகிறார்கள். பெயர் மட்டும் இன்னும் முட்டை உருட்டல். சரிவு போய்விட்டது. நம் மண்டபத்து முட்டை வேட்டையைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கரண்டிதான் கண்ணில் வந்து நிற்கிறது.

ஸ்காட்லாந்தில் இருக்கும் நம் நண்பர்கள் எடின்பரோவில் ஆர்தர்ஸ் சீட் மலையடிவாரத்தில் பிள்ளைகளோடு உருட்டிவிட்டுப் படம் அனுப்புகிறார்கள். அங்கே பெரும்பாலும் ஞாயிறன்றே முடித்துவிடுவார்கள். பெல்ஃபாஸ்டில் கேவ் ஹில்லுக்குப் போகும் குடும்பங்கள் முட்டைக்கு வெங்காயத் தோலுக்குப் பதில் ஒரு முள்செடியின் மஞ்சள் பூவைப் போட்டு வேகவைக்குமாம், மஞ்சள் தூள் போட்ட மாதிரி நிறம் வரும். நாம் மட்டும்தான் சரிவுக்கு இருபது நிமிட நடையில் இருந்துகொண்டு மண்டபத்துக்குள் போய்ப் பிளாஸ்டிக் தேடுகிறோம்.

எங்களுக்குப் பால் கொடுத்த அந்த அம்மா இரண்டு வருடத்துக்கு முன் காலமானார். கடைசி ஈஸ்டரில் அவரால் சரிவில் நிற்க முடியவில்லை, மேலே பெஞ்சில் உட்கார்ந்து போர்வை போர்த்திக்கொண்டு பார்த்தார். என் மகள் அவர் முட்டையையும் சேர்த்து உருட்டினாள். கறிவேப்பிலை அச்சு விழுந்த முட்டை அது. கீழே போய் எடுத்துக்கொண்டு வந்து காட்டினோம், ஒரு விரிசல்கூட இல்லை. அவர் அதை உரிக்கவே இல்லை, ஜன்னல் திண்டில் வைத்திருந்தார். மே மாதம் வரை இருந்தது என்று நினைக்கிறேன், வாடை வந்திருக்கும், அவர் சொல்லவில்லை.

செயற்குழு சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் நாங்கள் காலை 10 மணிக்குப் பூங்காவில் பெல்வெடேர் மண்டபத்துப் பக்கம், சரிவின் மேல் நிற்போம். வருகிறவர்கள் வரலாம். விழா 10 மணிக்கே தொடங்கும் என்றால் நாங்கள் மதியச் சாப்பாட்டுக்கு வந்து சேர்வோம், முன்வரிசையில் எங்களுக்கு நாற்காலி பிடிக்க வேண்டாம். 3 மணிக்கு மாற்றினீர்கள் என்றால் மேடை கட்டுவது, நாற்காலி அடுக்குவது எல்லாவற்றுக்கும் நானும் என் மகனும் முந்தின நாள் இரவே வருகிறோம். இதை எழுத்தில் தருகிறேன், அப்புறம் மாற மாட்டேன்.

இப்படிக்கு,
வருடச் சந்தாவைத் தவறாமல் கட்டும் உறுப்பினன்

பின்குறிப்பு: வெங்காயத் தோலை இன்றைக்கே சேர்க்கத் தொடங்குங்கள், பாலிதீன் பையில் கட்டாதீர்கள், பூசணம் பிடிக்கும், காகிதப் பையில் வையுங்கள். புறப்படும் முன் ஒவ்வொரு முட்டையையும் மேசையில் வைத்து ஒரு சுழற்று சுழற்றிப் பாருங்கள். வெந்தது பம்பரம் மாதிரி சுற்றும், பச்சை முட்டை தள்ளாடும். தள்ளாடினால் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஒரு கோட்டு போனது போதும்.